கெடத் தொடங்கிய தோலைக் காப்பாற்ற எடுத்த அவசரம்: ஆவாரம் பட்டையில் பதனிட்ட இரண்டு ஆட்டுத் தோல்கள்

பின்னணி

திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் புத்தகம் கட்டும் பட்டறை நடத்தும் தம்பதி, கணக்கேடுகளுக்கும் நாட்குறிப்புகளுக்கும் தோல் முதுகு வைத்துத் தருகிறார்கள். வாடிக்கையாளர் ஒருவர் மான் தோலில் உறை கேட்டார். அதை உடனே மறுத்துவிட்டார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். வேட்டையில் கிடைத்த தோலை வாங்குவதும் வைத்திருப்பதும் அதே போலக் குற்றம். காட்டில் தானாகச் செத்த மானின் தோல் என்றாலும் அது அரசின் சொத்துதான். பூசைக்கான ஆசனம் என்ற பெயரில் வருகிற மான் தோலுக்கும் விலக்கு கிடையாது.

புத்தகத்துக்கு மான் தோலை விட ஆட்டுத் தோல்தான் பொருத்தம். மயிர்ப்பக்கம் நெருக்கமாகவும் உறுதியாகவும் இருக்கும், ஓரத்தை மெல்லியதாகச் சீவலாம். ஆவாரம் பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த தமிழ்நாட்டு ஆட்டுத் தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் நெடுங்காலம் கப்பலேறியது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்கள் அதற்குப் பேர்போனவை. பிறகு வாட்டில் மரப்பட்டையும் குரோமியமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆவாரம் பட்டை இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் எடைக்குக் கிடைக்கிறது.

டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வழிகாட்ட ஒத்துக்கொண்டார். இந்த வேலையின் நுணுக்கம் சாதி இழிவோடு சேர்த்துச் சில குடும்பங்களின் தலையிலேயே சுமத்தப்பட்டிருந்தது. எழுத்தில் அது குறைவாகவே வந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெரியவர் அளவுகளை ‘கைக்கணக்கு’ என்றுதான் சொன்னார். தம்பதி ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டதால்தான் இந்தப் பதிவு சாத்தியமானது.

தோல் வந்த விதம்

சித்திரை மாதக் கோயில் கொடையில் வெட்டிய இரண்டு கிடாக்களின் தோல்கள் கிடைத்தன. முதல் தோல் 2 கிலோ. உரித்த இரண்டு மணி நேரத்தில் பட்டறைக்கு வந்தது. இரண்டாவது 2.6 கிலோ, வயது முதிர்ந்த கிடா, கழுத்துப் பகுதி தடிப்பு. உரித்தவர்கள் அதைப் பாலித்தீன் பையில் சுருட்டி வாயைக் கட்டி வைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தது.

இரண்டுமே நலமாக இருந்து வெட்டப்பட்ட ஆடுகள் என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். திடீரென்று செத்த ஆட்டின் தோலைத் தொடக்கூடாது. அடைப்பான் நோயின் கிருமி தோலிலும் மயிரிலும் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கண்டது

முதல் தோலில் சதைப்பக்கம் வெளிர் சிவப்பு, மயிரை இழுத்தால் வரவில்லை. இரண்டாவதில் அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் சதைப்பக்கம் பச்சை கலந்த நீலமாகியிருந்தது. அங்கே மயிரை இரண்டு விரலால் பிடித்தாலே கொத்தாக வந்தது. நுண்ணுயிர்கள் மயிர் வேரைச் சுற்றியுள்ள மென்மையான பகுதியைத்தான் முதலில் தின்னும். தோலின் நார் அப்போதும் உறுதியாகவே இருக்கும், ஆனால் மயிர்ப்பக்கத்தின் மேல்பூச்சு போகத் தொடங்கியிருக்கும். முதுகிலும் கழுத்திலும் மயிர் கெட்டியாகவே இருந்தது. அதாவது தோலின் பெரும்பகுதி இன்னும் கெடவில்லை.

உப்பும் ஊறலும்

இரண்டு தோல்களையும் தனித்தனியாக உப்பிட்டார்கள். தோல் எடையில் 40 சதவீதம் கல்லுப்பை ஒன்றிரண்டாக உடைத்து, சதைப்பக்கம் முழுவதும், முக்கியமாக ஓரங்களிலும் கழுத்து மடிப்பிலும் அழுத்தித் தேய்த்து, சாய்வான பலகையில் மடித்து வைத்தார்கள். வடிந்த நீர் தோலில் தேங்கவில்லை. தூள் உப்பு மேலோடு கட்டியாகி உள்ளே இறங்காமல் நின்றுவிடும், பெரிய கற்களாக இருந்தால் இடையிடையே உப்புப் படாத திட்டுகள் விழும். சுண்ணாம்பும் பட்டையும் தயாராகும் வரை ஐந்து நாள் அப்படியே இருந்தன.

ஊறப்போடும் முன் உப்பைத் தண்ணீரில் அலசாமல் உலர்ந்த நிலையிலேயே தட்டி எடுத்து வாளியில் சேர்த்தது நல்ல முடிவு. டேனரிக் கழிவால் பாலாற்றங்கரை நிலத்தடி நீர் கெட்டது பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உப்பும் அதே அளவு தொல்லைதான், மண்ணுக்குள் போனால் எந்தச் சுத்திகரிப்பாலும் எளிதில் திரும்ப எடுக்க முடியாது. வீட்டு அளவில் இரண்டு கிலோ உப்பு சின்ன விஷயம் என்றாலும், கிணற்றடியில் கொட்டத்தக்கதல்ல.

பிறகு பத்து லிட்டர் தண்ணீரில் ஊறல், மூன்று முறை தண்ணீர் மாற்றம். தோல் உரித்த அன்றிருந்த அளவுக்கு நெகிழ்ந்ததும் எடுத்தார்கள்.

சுண்ணாம்பு

தோல் எடையில் பத்தில் ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு. முதல் தோலுக்கு 200 கிராம், எட்டு லிட்டர் தண்ணீர். கல் சுண்ணாம்பை முந்திய நாளே நீற்றி ஆறவிட்டிருந்தார்கள். நீறும்போது அது கொதித்துத் தெறிக்கும், அந்தச் சூட்டோடு தோலைப் போட்டால் வெந்துவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சுண்ணாம்பு அடியில் படிந்துவிடுவதால் காலையும் மாலையும் கலக்கித் தோலைப் புரட்ட வேண்டும். தோல் மேலே மிதந்தால் காற்றுப் படும் பகுதி கறை பிடிக்கும். மேலே ஒரு தட்டும் கல்லும் பாரமாக வைத்தார்கள்.

சுண்ணாம்பு இரண்டு வேலை செய்கிறது. மயிர் வேரைத் தளர்த்துவது கண்ணுக்குத் தெரியும். தெரியாதது, நார்க்கட்டுகளை உப்பவைத்துப் பிரித்து, பின்னால் வரும் பட்டைச் சாறு உள்ளே போக வழிவிடுவது. இரண்டாவது வேலை முடியாமலே முதல் வேலை முடிந்துவிடக்கூடும். இந்த நிகழ்வின் சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

முதல் தோல் ஐந்து நாள் கிடந்தது. இரண்டாவதில் மூன்றாம் நாளே மயிர் முழுவதும் வழிந்தது. பாதி வேலையைக் கெடுதலே செய்து முடித்திருந்தது. அடிவயிற்றில் இன்னும் மேல்பூச்சு போய்விடுமோ என்று பயந்து அன்றே எடுத்துவிட்டார்கள். பெரியவரும் “இனிமே அதை ஊறவிடாதீங்க தம்பி, வயிறு கரைஞ்சிரும்” என்றார். வயிற்றைப் பொறுத்தவரை அது சரியான யோசனை. ஆனால் தடித்த கழுத்துக்கு மூன்று நாள் போதாது.

ஊன் நீக்கல்

மயிரைக் கத்தியின் முதுகால் வழித்தபின், உப்பிய நிலையிலேயே ஊனை எடுப்பது எளிது. அப்போது சவ்வும் கொழுப்பும் தனித்து நிற்கும். இடுப்பளவு உயரத்தில் சாய்த்து நிறுத்திய வழவழப்பான தென்னந்தடியின் மீது தோலை விரித்து, வயிற்றால் விளிம்பை அழுத்திப் பிடித்து, இருபுறமும் பிடியுள்ள வளைந்த கத்தியால் கீழ்நோக்கித் தள்ளினார்கள். கத்தி வெட்டக்கூடாது, சுரண்டித் தள்ள வேண்டும். அரிவாளும் சமையல் கத்தியும் இந்த வேலைக்கு ஆகாது. தடியில் சின்ன முடிச்சு இருந்தாலும் அந்த இடத்தில் தோல் ஓட்டையாகும். முதல் தோலில் விழுந்த ஒரே ஓட்டை அப்படி வந்ததுதான். இரண்டாவதில் உரித்தவரின் கத்திக் கீறல்கள் ஏற்கெனவே நாலைந்து இருந்தன.

சுண்ணாம்பை எடுத்தல்

ஐந்து முறை கழுவியபின் கோதுமைத் தவிட்டுப் புளிப்பில் போட்டார்கள். அரைக் கிலோ தவிட்டைப் பத்து லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுத் தோலை அமிழ்த்துவது. அரிசித் தவிட்டில் எண்ணெய் அதிகம், அது தோலில் ஒட்டிப் பட்டைச் சாற்றைத் தடுக்கும். புளிப்பில் உண்டாகும் அமிலம் சுண்ணாம்பைக் கரைத்து வெளியேற்றும், உப்பியிருந்த தோல் தளரும். தோலைப் பையாகப் பிடித்து உள்ளே காற்றை அடைத்து அழுத்தினால் அது துளைகள் வழியே குமிழாக வர வேண்டும். சித்திரை வெக்கையில் புளிப்பு விரைந்து ஏறும். ஒரு நாளைத் தாண்டினால் தோலுக்குள்ளேயே வாயு சேர்ந்து கொப்புளம் கிளம்பும். அதனால் காலையில் போட்டதை நள்ளிரவுக்கு முன் எடுத்தார்கள்.

முடிந்ததா என்று பார்க்கப் பெரியவர் சொன்ன வழி எளிமையானது. கழுத்தின் ஓரத்தில் சிறு கீற்று வெட்டி, வெட்டு முகத்தில் மஞ்சள் கரைசலைத் தடவுவது. சுண்ணாம்பு மிச்சமிருந்தால் ஆரத்தித் தண்ணீரின் சிவப்பு வரும். முதல் தோலின் வெட்டு முகம் முழுவதும் மஞ்சளாகவே நின்றது. இரண்டாவதில் நடுவே மெல்லிய சிவப்புக் கோடு.

இந்த இடத்தில் இரண்டாவது தோலை இன்னொரு புளிப்பில் போட்டிருக்க வேண்டும். புளிப்பும் கெடுதலைத் தூண்டும் என்ற பயத்தில் போடவில்லை. சிவப்புக் கோடு நூலிழை அளவே இருந்ததால் பட்டைச் சாற்றின் இயல்பான புளிப்பே அதை எடுத்துவிடும் என்று எண்ணினார்கள்.

பட்டைச் சாறு

ஆவாரம் பட்டையில் தோலைப் பதனாக்கும் துவர்ப்பொருள் (டானின்) 15 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். சுமாராகத் தோல் எடைக்குச் சமமான பட்டை வேண்டும். உரலில் இடித்த பட்டையை வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டினார்கள். கொதிக்க வைப்பதில்லை. கொதித்தால் நிறம் கறுப்பதோடு துவர்ப்பின் ஒரு பகுதி வீணாகும்.

இரும்பு எங்கும் படக்கூடாது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறைதான். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வினையால்தான். பிளாஸ்டிக் தொட்டிகளையும் மரக் கரண்டியையும் பயன்படுத்தினார்கள். ஆழ்குழாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் எடுத்துச் சிட்டிகை கடுக்காய்த் தூள் போட்டதும் சாம்பல் கறுப்பானது. அந்தத் தண்ணீரை விட்டுவிட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீரைச் சேமித்தார்கள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். செய்யாமல் இறங்குபவர்கள் பெரும்பாலும் தோலைக் கறையாக்கிவிட்டுப் பட்டையைக் குறை சொல்கிறார்கள்.

முதல் தோலுக்கு எட்டு லிட்டரில் 200 கிராம் பட்டையின் இலேசான சாறு. முதல் மூன்று மணி நேரம் விடாமல் புரட்டினார்கள், மயிர்ப்பக்கம் சீராக நிறம் பிடிக்க அதுதான் வழி. மூன்றாம் நாள் 300 கிராம், ஐந்தாம் நாள் 500, எட்டாம் நாள் மீதி ஒரு கிலோ. பதினான்காம் நாள் கழுத்துக் கீற்றின் வெட்டு முகம் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே மரநிறம்.

இரண்டாவது தோலுக்கு வேறு முடிவு எடுக்கப்பட்டது. துவர்ப்பு ஏறினால் கெடுதல் நிற்கும், ஆகவே சீக்கிரம் ஏற்றிவிட வேண்டும் என்பது கணக்கு. ஓரிரவு மட்டும் இலேசான சாறு, மறுநாள் காலை இரண்டு கிலோ பட்டையின் சாறு மொத்தமும். சில மணி நேரத்தில் தோல் அருமையான செம்பழுப்பானது. முதல் தோலை விடவும் அழகு என்று தோன்றியது. மயிர்ப்பக்கம் சுருங்கிச் சிறு மடிப்புகள் விழுந்திருந்ததை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

ஏழாம் நாள் கண்டது

இரண்டாவது தோலின் கழுத்துக் கீற்றை வெட்டிப் பார்த்தபோது மேலும் கீழும் கரும்பழுப்பு, நடுவில் வெளிறிய பச்சை நிறக் கோடு. கீற்றைக் காயவைத்ததும் அந்தக் கோடு கொம்பு போல இறுகி ஒளி ஊடுருவியது. 70 டிகிரி வெந்நீரில் போட்டபோது கீற்று சுருண்டுகொண்டது. முதல் தோலின் கீற்று அதே நீரில் நேராகக் கிடந்தது. பதனிடாத தோல் 60 டிகிரியை ஒட்டியே சுருங்கிவிடும், துவர்ப்பு முழுதாக ஏறிய தோல் 70ஐத் தாங்கும். கழுத்தின் நடுப்பகுதி இன்னும் பதனாகாத பச்சைத் தோல்தான்.

கடுஞ்சாறு முதலிலேயே பட்டால் மேல்பரப்பு நார்கள் துவர்ப்பை மிகுதியாகப் பிடித்துக்கொண்டு இறுகும். அதன்பின் எவ்வளவு பட்டை போட்டாலும் உள்ளே போக வழியில்லை. கழுத்தில் நார்க்கட்டுகள் பிரியாததும், மிச்சச் சுண்ணாம்பு துவர்ப்போடு சேர்ந்து கரையாத கருமையாகப் படிந்ததும் நிலைமையை மோசமாக்கின. மூன்றில் எது எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. மூன்றும் ஒரே பயத்திலிருந்து வந்தவை. வயிற்றுப் பகுதிக்காக எடுத்த ஒவ்வொரு முடிவும் நலமாக இருந்த கழுத்தைப் பாதித்தது.

மீட்பு முயற்சி

இரண்டு வழிகள் இருந்தன. கழுத்தை வெட்டி எறிவது ஒன்று. மேல் இறுக்கத்தைத் தளர்த்தி மறுபடி ஏற்றுவது மற்றொன்று. தெரிந்துகொள்ளும் நோக்கத்தில் இரண்டாவதை எடுத்தார்கள். லிட்டருக்குப் பத்து கிராம் சமையல் சோடா கரைத்த நீரில் ஒரு மணி நேரம் புரட்டியதும் நீர் தேயிலை டிகாக்ஷன் நிறமானது. மேலே கட்டியிருந்த துவர்ப்பு ஓரளவு கழன்று வந்ததற்கு அது அடையாளம். நன்றாகக் கழுவி, சிறிது வினிகர் கலந்த நீரில் காரத்தை முறித்து, முதல் தோல் கிடந்து வலுவிழந்த பழைய சாற்றில் போட்டார்கள். பழஞ்சாறு புளித்து மென்மையாகியிருக்கும், மேலே பற்றாமல் உள்ளே இறங்கும். அதன்மேல் படிப்படியாகப் பட்டை கூட்டி மேலும் பத்து நாள்.

நடுக்கோடு மறைந்தது. வெந்நீரில் கீற்றும் சுருளவில்லை. ஆனால் சோடாவால் நிறம் கறுத்தது, மயிர்ப்பக்கத்து மடிப்புகள் நிலைத்துவிட்டன.

கடுக்காய், எண்ணெய், உலர்த்தல்

கொட்டை நீக்கி இடித்த கடுக்காய் 200 கிராமை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஒவ்வொரு தோலும் ஒரு நாள். ஆவாரம் பட்டைத் தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். கடுக்காய் அந்தச் சிவப்பைத் தணித்து மஞ்சள் சாயல் தரும். பட்டறைக்காரர் இரண்டு கீற்றுகளை, ஒன்று கடுக்காய் கண்டது, ஒன்று காணாதது, பாதியைத் தாளால் மூடி சன்னலில் ஒட்டிவைத்தார். ஒரு மாதத்தில் கடுக்காய் காணாத கீற்றில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. மற்றதில் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. புத்தக முதுகுக்கு இது முக்கியம், அலமாரியில் வெளிச்சம் படுவது அந்த ஒரு பக்கம்தானே.

நீர் வடிந்து ஈரமாக இருக்கும்போதே மயிர்ப்பக்கத்தில் நல்லெண்ணெய், தோலுக்கு 40 மில்லி. நீர் வெளியேற வெளியேற எண்ணெய் அந்த இடத்துக்கு இறங்கும், காய்ந்த தோலில் தடவினால் மேலேயே நின்று பிசுக்காகும். புங்க எண்ணெயும் வழக்கத்தில் உண்டு, அதன் வாடை தாளில் ஏறும் என்பதால் விட்டார்கள்.

வெளிக்காற்று அனலாக இருந்ததால் அறைக்குள் தொங்கவிட்டு, சன்னலில் நனைத்த சாக்கைக் கட்டினார்கள். வேகமாகக் காய்ந்தால் மயிர்ப்பக்கம் நெறுநெறுத்து வெடிக்கும். முக்கால்வாசி காய்ந்ததும் மழுங்கிய பலகை விளிம்பில் எல்லாத் திசையிலும் இழுத்து மென்மையாக்கினார்கள். முழுதும் காய்ந்தபின் இழுத்தால் மென்மையாகாது.

விளைவு

முதல் தோல் கிட்டத்தட்ட நாலு சதுர அடி, ஓட்டையைச் சுற்றி ஒரு கையளவு தவிர முழுவதும் புத்தக முதுகுகளுக்குப் பயன்பட்டது. சீவும்போது நார் பிரியவில்லை. இரண்டாவதில் முதுகுப் பகுதியின் நடுப்பட்டை மட்டும் மேல்தரம். அடிவயிற்றில் எதிர்பார்த்தபடியே மேல்பூச்சு போய்த் திட்டுத் திட்டாக மங்கலாக இருந்தது. அவ்வளவு பாடுபட்டு மீட்ட கழுத்து, மடிப்பும் கருமையும் காரணமாக வெளித்தெரியும் வேலைக்கு ஆகவில்லை.

மாற்ற வேண்டியவை

அடுத்த கொடைக்கு உப்பு மூட்டையோடு ஆளை அனுப்புவது என்று முடிவாகியிருக்கிறது. அது முடியாவிட்டால், பையைக் கட்டாமல் நிழலில் விரித்துப் போடும்படியாவது சொல்லிவைப்பது. கெடத் தொடங்கிய தோல் வந்தால் சுண்ணாம்புக்கு முன்பே வயிற்றையும் தொடை இடுக்கையும் வெட்டித் தனியாக்கி, மீதியை நலமான தோலாகவே நடத்த வேண்டும். இரண்டு பகுதிகளுக்கும் ஒரே கால அளவு பொருந்தாது. மஞ்சள் சோதனையில் நூலளவு சிவப்பு தெரிந்தாலும் பட்டைத் தொட்டிக்குப் போகக்கூடாது.

சாறு ஏற்றும் வரிசையைத் தோலின் நிறம் பார்த்து முடிவு செய்வதைப் பெரியவர் முதலிலிருந்தே ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறை பட்டை கூட்டும் முன்னும் கழுத்துக் கீற்றை வெட்டிப் பார்ப்பதே இனி வழக்கம். வெட்டி எடுத்த வயிற்றுத் தோலைச் சதைப்பக்கம் வெளியே வரும்படி தேய்த்து, பைகளின் உள்துணிக்குப் பதிலாக ஒட்டலாம் என்று ஒரு துண்டில் முயன்று பார்த்திருக்கிறார்கள். பசை நன்றாகப் பிடித்திருக்கிறது.